பூச்சய்க்குப் பாடில்லா

நாய்க்கு வாங்கிப் போட்ட உண்ணி மருந்தால் எங்கள் வீட்டில் பூனை சாகக் கிடந்தது. நாய் வளர்க்கிற நாலு பேருக்காவது இது தெரியட்டும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சேரம்பாடி. பந்தலூர் தாலுகாவில் கேரளாவை ஒட்டிய கடைசி ஊர்களில் ஒன்று, சோலாடி செக்போஸ்ட் தாண்டினால் வயநாடு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று, அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லைன் வீடு என்றால் தெரியும்தானே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரு சுவர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால் உண்ணிக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே கிடையாது.

நாயின் பெயர் மணி, பதினாலு கிலோ நாட்டு நாய். பூனை சிட்டு. எங்கள் பக்கம் ராத்திரி நாயை வெளியே கட்டினால் காலையில் சங்கிலி மட்டும்தான் இருக்கும், சிறுத்தை அவ்வளவு சகஜம். அதனால் இருட்டியதும் மணி உள்ளே வந்துவிடும், அடுப்பங்கரை ஓரச் சாக்கில் மணியும் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு சிட்டுவும் படுத்திருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் பகல் முழுக்கத் தேயிலைக்குள்ளும் உண்ணிச்செடிப் புதருக்குள்ளும் மாட்டுப்பட்டி ஓரமும் சுற்றுகிற நாய் திரும்பி வரும்போது தனியாக வருவதில்லை.

போன வருஷம் மார்ச்சில் மணி சாப்பாட்டை மோந்துவிட்டுப் போய்ப் படுத்தது. வெயிலில் சோர்ந்திருக்கும் என்று இரண்டு நாள் விட்டேன். அந்த இரண்டு நாளை விட்டிருக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியிருந்தது, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. வடுவஞ்சால், மேப்பாடி வழியாக ஜீப் பிடித்துப் பூக்கோடு கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம். நல்ல நாய்க்கு இரண்டு லட்சத்துக்குப் பக்கமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டுமாம். எர்லிக்கியா என்றார்கள், உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல். இதே உண்ணி பபீசியா என்ற இன்னொன்றையும் கொண்டுவரும், அது ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும், மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகும். மணிக்கு அது இல்லை. டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுக்கச் சொன்னார்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், பாலோடும் வேண்டாம், சோற்றுக்குள் வைத்துக் கொடுங்கள் என்று. நாலாம் நாளே நாய் வாலாட்டியது. ஆனாலும் 28 நாளும் விடாமல் கொடுத்தோம்.

நாங்கள் கிளம்பும்போது டாக்டர், "உண்ணியை ஒழிக்காமல் இந்த மருந்து கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, மறுபடியும் வரும்" என்றார். என்ன மருந்து போட வேண்டும் என்று எழுதித் தரத்தான் கூப்பிட்டார், ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார் என்று நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற என் தம்பி லீவில் வந்திருந்தான். சாமான் வாங்க வயநாட்டுச் சுல்தான் பத்தேரிக்குப் போகிறவனிடம் உண்ணிக்கு ஏதாவது நல்ல மருந்தாகப் பார்த்து வாங்கிவா என்றேன். அவன் கடையில் கேட்டிருக்கிறான், கடைக்காரர் நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, கொடுக்கும்போதே "பூச்சய்க்கு பாடில்லா, கேட்டோ" என்று சொல்லியும் இருக்கிறார். மலையாளத்தில் பூச்ச என்றால் பூனை, பாடில்லா என்றால் கூடாது. பூனைக்குக் கூடாது என்று அந்த மனிதர் சரியாகத்தான் சொன்னார். சின்ன வயசிலேயே ஊரை விட்டுப் போன தம்பி, பூச்சி என்று காதில் வாங்கி, இதைப் போட்டால் இனிமேல் பூச்சிப் பாடே இல்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து அப்படியேதான் சொன்னான். நானும் நல்லதாகப் போச்சு என்று சாயங்காலமே மணியின் கழுத்தில் விட்டேன். அட்டையில் பூனைப் படத்தின் மேல் குறுக்கே கோடு போட்டிருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன், அதைப் பார்த்தபோது சிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது.

ராத்திரி வழக்கம்போலச் சிட்டு மணியின் கழுத்தோரம் போய்ப் படுத்திருக்கிறது, நக்கியும் கொடுத்திருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு அம்மா எழுப்பினார். பூனை தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது, காது தனியாகத் துடிக்கிறது, வாயில் நுரை, தொட்டால் இன்னும் அதிகமாக உதறுகிறது. தெரிந்த ஒரு டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வியே நாய்க்கு ஏதாவது மருந்து போட்டீர்களா என்பதுதான். அட்டையைப் படிக்கச் சொன்னார், பெர்மெத்ரின் என்று படித்தேன். பாத்திரம் கழுவுகிற லிக்விட் சோப்பைப் போட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் வைத்து உடனே குளிப்பாட்டுங்கள், சூடான தண்ணீர் வேண்டாம், சூடு பட்டால் தோல் இன்னும் உறிஞ்சும், துடைத்துத் துணியில் சுற்றிக் கதகதப்பாகக் கொண்டுவாருங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள் என்றார். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் யானை நிற்கும், ஜீப்காரர் தயங்கினார், அப்புறம் பூனையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

இரண்டு நாள் ஊசியும் டிரிப்பும் போட்டார்கள். தசை துடிப்பை அடக்க ஒரு மருந்து, உடம்புச் சூடு குறையாமல் வெந்நீர்ப் பாட்டில். மூன்றாம் நாள் சிட்டு கொஞ்சம் மீன் தின்றது. காதுத் துடிப்பு நிற்க இன்னும் இரண்டு நாள் ஆனது. பிழைத்தது. எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை என்று டாக்டர் சொன்னார்.

பெர்மெத்ரின் நாய்க்கு ஒத்துப்போகிற மருந்துதான், உண்ணியைக் கொல்வதோடு ஒட்டவிடாமல் விரட்டவும் செய்யும். ஆனால் அதை உடைத்து வெளியேற்றுகிற வேலையைப் பூனையின் ஈரலால் சரியாகச் செய்ய முடியாது, அதற்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. நாய்ச் சொட்டு மருந்தில் அது ரொம்ப அடர்த்தியாக வேறு இருக்கும். அதனால் பூனை மேல் நேராக விட்டால்தான் ஆபத்து என்றில்லை, மருந்து போட்ட நாயோடு படுத்தாலே போதும். பூனை இருக்கிற வீட்டில் அந்த மருந்தே வேண்டாம் என்பது என் முடிவு. இரண்டையும் மூன்று நாள் பிரித்து வைத்தால் போதும் என்று சொல்வார்கள், ஒற்றை அறை லைன் வீட்டில் எதை எங்கே பிரித்து வைப்பது?

பூனை வீடு திரும்பின பிறகு டாக்டரிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். அவர் மருந்துப் பெயரைச் சொல்லவே அரை மணி நேரம் ஆனது, அதுவரை என்னைத்தான் கேள்வி கேட்டார். ஒட்டியிருப்பது உண்ணியா தெள்ளுப்பூச்சியா, வீட்டில் மொத்தம் எத்தனை உயிர், நாய் எத்தனை கிலோ, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, மழையில் நனையுமா, ராத்திரி எங்கே படுக்கும், கட்டிப்பிடிக்கிற சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா. இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் கடையில் போய் "நல்ல மருந்தா குடுங்க" என்று கேட்டதுதான் நாங்கள் செய்த தப்பு.

முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை என்பது இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. எங்கள் பக்கம் மலையாளத்தில் செள்ளு என்றால் இரண்டையும் சொல்வார்கள், நாங்களும் அதையே பேசிப் பழகிவிட்டோம். உண்ணி எட்டுக்கால், ஓரிடத்தில் கடித்து ஒட்டிக்கொண்டு ஆமணக்கு விதை மாதிரி ஊதும், காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்து இங்கெல்லாம் பாருங்கள். தெள்ளுப்பூச்சி தட்டையாக இருக்கும், ஒட்டாது, முடிக்குள் ஓடும், குதிக்கும். ஆளைப் பிடிக்க முடியாவிட்டாலும் எச்சம் கிடைக்கும்: வால் அடியில் சீப்புப் போட்டு உதிர்கிற கறுப்புத் தூளை ஈரத் துணியில் வைத்தால் சிவப்பாகக் கசியும், அது செரித்த ரத்தம். சிட்டுவுக்கு அப்படிச் சீவிப் பார்த்தபோது துணி சிவந்தது. ஆக நாய்க்கு உண்ணி, பூனைக்குத் தெள்ளு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து என்று நான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பூனையின் மலத்தில் அரிசி மாதிரி நெளிகிறது தெரிந்தால் அது நாடாப்புழுத் துண்டு, தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது, அப்போது குடற்புழு மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மணிக்கு வாய்வழி மாத்திரை என்று முடிவானது. அஃபாக்ஸோலானர், ஃபுளூரலானர், சாரோலானர் என்று ஒரே குடும்பத்து மருந்துகள், நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ, சிம்பாரிகா என்ற பெயர்களில் கடையில் பார்த்திருப்பீர்கள். நெக்ஸ்கார்டும் சிம்பாரிகாவும் மாதம் ஒரு தடவை, பிரவெக்டோ மாத்திரை ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டோடு. எங்கள் வீட்டுக்கு இது ஏன் பொருந்தியது என்றால் மருந்து ரத்தத்தில் இருக்கிறது, முடியில் எதுவும் இல்லை, சிட்டு எவ்வளவு ஒட்டிப் படுத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, ஜூனில் ஆரம்பித்து அடிக்கிற எங்கள் ஊர் மழையில் கழுவிக்கொண்டும் போகாது. குறை என்னவென்றால் உண்ணி கடித்த பிறகுதான் சாகும், விரட்டாது. அதனால் மாத்திரை கொடுத்த மறுநாள் ஒரு உண்ணி ஊர்வதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைக் கொடுத்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு நாள் பொறுங்கள், காய்ந்து உதிரும்.

இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் உங்கள் நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லாமல் இந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். எடையும் குத்துமதிப்பாக வேண்டாம். ரேஷன் கடைத் தராசில் நாய் நிற்காது, நான் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, அப்புறம் தனியாக நின்று கழித்துக்கொண்டேன். பெரிய நாய் மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்து இரண்டு குட்டி நாய்க்குக் கொடுப்பது செலவு மிச்சம் மாதிரி தெரியும், மருந்து இரண்டு பாதியிலும் சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாத மாத்திரை ஆயிரத்துக்கு மேலே போகும், தோட்டக் கூலி வாங்குகிற வீட்டுக்கு அது சின்னத் தொகை கிடையாது. நானும் முதலில் மலைத்தேன். அப்புறம் மணிக்கும் சிட்டுவுக்கும் ஆன ஜீப் வாடகை, ஊசி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், இரண்டு வருஷத்துக்கு மாத்திரை வாங்கியிருக்கலாம்.

சிட்டுவுக்குப் பூனைக்கென்றே வருகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். முடி மேல் விட்டால் முடியோடு போய்விடும். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. பூனைக்கு இது சரி, ஆனால் முயல் வளர்க்கிறவர்கள் ஃபிப்ரோனிலைத் தொடவே கூடாது, முயலைக் கொன்றுவிடும்.

கழுத்தில் மாட்டுகிற மருந்துப் பட்டையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல பட்டைகள் பல மாதம் வேலை செய்யும், நாய், பூனை இரண்டுக்கும் தனித்தனியாக வருகிற வகையும் உண்டு, ஆனால் டெல்டாமெத்ரின் பட்டை நாய்க்கு மட்டும்தான். மணி தேயிலைச் செடிக்குள் நுழைந்து நுழைந்து போகிற நாய், பட்டை எங்காவது மாட்டிக்கொள்ளும் என்ற பயம் எனக்கு. ஷாம்பு அன்றைக்கு இருக்கிறதைக் கொல்லும், நாளைக்கு ஏறுவதை ஒன்றும் செய்யாது. பவுடரும் வேண்டாம் என்பேன், பூனை தன்னைத்தானே நக்குகிற பிராணி, மேலே தூவியதெல்லாம் வயிற்றுக்குள்தான் போகும்.

எங்கள் லைனில் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்க்கு ஊற்றுகிற வழக்கம் இருக்கிறது. எவ்வளவுக்கு எவ்வளவு என்று யாருக்கும் கணக்கு இல்லை, மூடி கணக்குதான். ஊற்றின பிறகு நாய் மயங்கிக் கிடந்தால் "அலுப்பு தீரத் தூங்குது" என்பார்கள். அந்த மாட்டு மருந்துகளில் ஒன்றான அமிட்ராஸ் அளவு கூடினால் நாயின் இதயத் துடிப்பு இறங்கும், உடம்பு சில்லிட்டுப் போகும், அது தூக்கம் இல்லை. பூனைக்கு அதுவும் கூடாது. மாட்டு ஊசியை நாய்க்குப் போடுவதும் அப்படித்தான், கோலி (collie) வகை நாய்களில் அந்த ஊசியில் இருக்கிற ஐவர்மெக்டின் மூளைக்குள்ளேயே போய்விடும். மண்ணெண்ணெய், ஃபினாயில், புகையிலைத் தண்ணீர் இதெல்லாம் விஷம், தோல் வெந்துபோகும், நக்கினால் உயிர் போகும். பாட்டி சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவார், பேனும் உண்ணியும் சாவது உண்மைதான், ஆனால் கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கிவிடும், நாய் உதறாமல் நிற்குமா? வேப்பெண்ணெயை நான் முழுசாகத் தள்ளவில்லை, ஆனால் ஒரு தடவை ரத்தத்தில் காய்ச்சல் வந்து பிழைத்த நாயை அதை மட்டும் நம்பி விட எனக்குத் தைரியம் இல்லை.

இனி வீடு. இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் மிச்சம். நாயின் மேல் ஏறுகிற பழுப்பு உண்ணி வாழ்நாளில் மூன்று தடவை ரத்தம் குடிக்கும், முதல் இரண்டு தடவை குடித்துவிட்டுக் கீழே விழுந்து, தரையிலிருந்து சுவரேறி விரிசலுக்குள் போய்த் தோல் உரித்துக்கொண்டு திரும்ப வரும். மூன்றாம் தடவைக்குப் பிறகு தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். சாப்பிடாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதாவது நாயின் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம், மிச்சம் சுவரில் இருக்கிறது. டார்ச் அடித்து நிலைக்கதவுக்குப் பின்னாலும் காலண்டர் ஆணிக்குப் பின்னாலும் பார்த்தபோது கடுகு கொட்டின மாதிரி இருந்தது, எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தெள்ளுப்பூச்சியும் அப்படித்தான், முட்டையும் புழுவும் கூடும் சாக்கிலும் தரை இடுக்கிலும் இருக்கும், கூட்டுக்குள் இருப்பதை மருந்து எட்டாது.

விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்தோம். சாக்கை எரித்துவிட்டுப் பழைய போர்வையைப் போட்டோம், அதை வாரம் ஒரு முறை கொதிக்கிற தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன், வெயில் இல்லாத மாதத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைக்கிறேன். சுவருக்கு ஒருமுறை மருந்தடித்தோம், பூனையையும் கோழியையும் இரண்டு நாள் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, முழுசாகக் காய்ந்த பிறகுதான் கூட்டிவந்தோம். முட்டை சாகாது என்பதால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை.

பிடுங்குகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். புருவம் எடுக்கிற இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சி காட்டுவது எதுவும் வேண்டாம். விரலில் வைத்து நசுக்கக் கூடாது, பழுப்பு உண்ணியிலிருந்து மனுஷருக்கும் ஒருவகை டைபஸ் காய்ச்சல் வரும். சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். இங்கே பலர் இதைக் குரங்குக் காய்ச்சலோடு குழப்பிக்கொண்டு நாயையே துரத்தப் பார்க்கிறார்கள். 1957இல் ஷிமோகாவின் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடித்த அந்த நோய் 2015இல் பக்கத்து வயநாட்டில் ஆள்களைச் சாய்த்தது, பயம் நியாயம்தான். ஆனால் அதை முக்கியமாகப் பரப்புவது காட்டு உண்ணி, வீட்டுச் சுவரில் இருக்கிற இந்த உண்ணி இல்லை. விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்கள் வந்ததும் துணியை மாற்றி உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

இத்தனை செய்தும் ஜூலையில் மறுபடி சுவரில் உண்ணி தெரிந்தது. எங்கிருந்து என்று பார்த்தால் அடுத்த வீட்டுச் சேச்சியின் நாய், நடுச்சுவரின் மேல்பக்கத்து இடைவெளி. நான் போய்ச் சொன்னேன், பூனைக் கதையையும் சேர்த்து. சேச்சி கேட்டுவிட்டு, "மோளே, நீ எந்து மருந்நு கொடுத்தோ அது எனக்கும் மேடிச்சுத் தா" என்று, அதே மருந்தைத் தனக்கும் வாங்கித் தரச் சொல்லி, காசைக் கையில் வைத்தார். இரண்டு நாய்க்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுத்தோம், நடுச்சுவர் இடைவெளியை இரண்டு பக்கமும் பூசினோம். அடுத்த தேதிக்கு எங்கள் தமிழ்க் காலண்டரிலும் சேச்சியின் மலையாளக் காலண்டரிலும் வட்டம் போட்டிருக்கிறது. மருந்து வாங்க இந்தத் தடவை நானேதான் பத்தேரிக்குப் போகிறேன், சிட்டுவின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு.